இழுப்பு

புகைபோக்கிக்கு இழுப்பு வேண்டும்.
வென்டெலுக்கு வரக் கூடாது.

ஸ்க்ராண்டனில், மேட்டுத் தெருவில்,
நிலக்கரிச் சுரங்கத்து மேஸ்திரி ஒருவன் கட்டிய வீடு.
மூன்று மாடி உயரத்துக்குச் செங்கல் தொண்டை.
வாங்கிய முதல் குளிர்காலம் செர்ரி விறகு எரித்தோம்.
அறைக்குள் திரும்பிய புகையில்
அவன் படிக்கட்டில் உட்கார்ந்து
வாயால் மூச்சைத் தேடினான்.
ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் நான்.
விறகைக் கொளுத்தியதும் நான்தான் என்று
அவன் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஆறு வருஷம்
எங்கள் அடுப்பில் பூனை தூங்கியது.
பழமொழி இல்லை, நிஜப் பூனை.
பியரோகி என்று பெயர். வெள்ளையாக இருந்தது.

இந்த அக்டோபரில் மார்லா ப்ராஸர் வந்தாள்,
தோளில் ஏணி, பல்லிடுக்கில் பென்சில்.
கயிற்றில் விளக்கைக் கட்டிக்
கிணறு பார்ப்பதுபோல் மேலிருந்து இறக்கினாள்.
"இரண்டு குழாய் போகும்.
ஒன்றில் வெளிக்காற்று உள்ளே வரும்.
இன்னொன்றில் எரிந்தது வெளியே போகும்.
முன்னால் கண்ணாடி, இறுக்கமாய்.
உங்கள் அறைக் காற்றை நெருப்பு தொடவே தொடாது."
வென்டெல் கேட்டான்:
"அப்புறம் அது என்ன நெருப்பு?"

காலை முழுதும் கரி.
போர்வை விரித்து, கதவிடுக்கில் துணி அடைத்தும்
சர்க்கரை டப்பாவுக்குள் கரி.
துருப்பிடித்த அடைப்புத் தகட்டை அறுத்து எடுத்தாள்.
மதியம் அலுமினியக் குழாய்கள் இறங்கின,
முனையில் கயிறு கட்டி.
அவள் கூரையில்.
முகமூடியோடு வென்டெல் கணப்புக்குள் மண்டியிட்டு.
பாதியில் நின்றுவிட்டது.
"இழு!"
"இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்!"

ஓரிடத்தில் தொண்டை வளைகிறது,
என் படுக்கையறைச் சுவருக்குள்.
என் அறைதான் இப்போது.
இரண்டு வருஷமாய் அவன் கீழே, சாய்வு நாற்காலியில்.
நிமிர்ந்திருந்தால்தான் மூச்சு வருகிறதாம்.

சுவரைத் தட்டிக்கொண்டே போனேன்.
தலைமாட்டில் தகரம் ஒலித்தது.
தாளைக் கிழித்தேன். ரோஜா, கோடு, மறுபடி ரோஜா,
அதற்கும் கீழே
சாப்பாட்டுத் தட்டளவு ஒரு மூடி.
அதில் வரைந்த ஏரி, ஆளில்லாத படகு.
இந்த அறையிலும் யாரோ அடுப்பு வைத்திருந்திருக்கிறார்கள்.
நெம்பினேன்.
ஏழு வருஷம் நான் தலைவைத்துப் படுத்த இடத்தில் ஓட்டை.
உள்ளே குளிர்காற்று
மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது.

தோள்வரை கையை விட்டேன்.
செங்கல் விளிம்பில் மாட்டிக்கொண்ட குழாய் முனை
விரலில் தட்டியது.
திருப்பினேன். அழுத்தினேன்.
கீழே அவன் இழுத்த இழுப்பு
கயிற்றில் ஏறி, தகட்டில் ஏறி
என் உள்ளங்கைக்கு வந்தது.
போ, என்றேன். குழாயிடம்தான்.
வழுக்கிக்கொண்டு போனது.

இறங்கிவந்து பார்த்தால் இருவர் முகத்திலும் கரி.
யார் பூசியது என்று கேட்க
அன்று ஒருவருக்கும் தெம்பில்லை.
மார்லா எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவி
குமிழ் வருகிறதா என்று
தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.
வரவில்லை.

சொடுக்கினால் எரிகிறது.
பீங்கான் விறகு. வெடிக்காது, மணக்காது.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்;
இங்கே நெருப்பிருந்தும் புகையவில்லை.
வென்டெல் கிளறுகோலை எடுத்துவந்து
கண்ணாடிமுன் சற்று நேரம் நின்றான்.
பிறகு அதைக் குடைகளோடு வைத்துவிட்டான்.
பியரோகி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஓட்டையை மார்லா செங்கல் வைத்துப் பூசினாள்.
அதன்மேல் ஏரியை மாட்டினேன். தாள் ஒட்டவில்லை.
இரவில் கீழே அணைத்த பிறகு
படகுக்குப் பின்னாலிருந்து
தகடு ஆறும் சத்தம், டிக், டிக்,
வரவர இடைவெளி விட்டு.

நேற்றுக் கட்டிலின் அந்தப் பக்கம்
மூன்று தலையணை அடுக்கிவைத்தேன்.
ஆள் நிமிர்ந்து சாய்கிற உயரம்.
ஒன்றும் சொல்லவில்லை. அவன் பார்த்தான்.

வராந்தாவுக்கு அடியில் விறகு கிடக்கிறது.
யாருக்காவது கொடுக்க வேண்டும்.
செர்ரி. நன்றாகக் காய்ந்தது.